கரும்பு சீசனுக்கு முன் டிராக்டர் வயரிங்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை பிறந்து கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு வகைச் செய்தி வர ஆரம்பிக்கும். சாலையோரம் நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் பைக் மோதியது, கார் மோதியது என்று நாலைந்து வரி இருக்கும். "இருட்டில் நின்றிருந்த" என்று போட்டிருப்பீர்கள், "அதிவேகமாக வந்த" என்றும் போட்டிருப்பீர்கள். டிரெய்லரின் பின் விளக்கு எரிந்ததா, டிரெய்லரில் விளக்கு என்று ஒன்று இருந்ததா என்பது மட்டும் இருக்காது. செய்தியைப் பார்த்ததும் நான் தேடுவது அதைத்தான். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திருக்கோவிலூர் பக்கத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். சிறு வயதில் விழுப்புரத்தில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து, டைனமோ கழற்றி கார்பன் தூசி துடைப்பதில் தொடங்கிய தொழில். லாரி, வேன், ஜேசிபி எல்லாம் கடைக்கு வரும். ஆனாலும் ஆட்டோ எலக்ட்ரீசியனின் கைவேலையை உண்மையாகக் கேட்பது பழைய டிராக்டர்தான். எங்கள் பக்கத்தில் முப்பது, நாற்பது வருடத்து மேசி பெர்குசன் 1035, மகிந்திரா பி-275, ஃபோர்டு 3600 எல்லாம் இன்னும் உழுகின்றன, கரும்பு இழுக்கின்றன. எஞ்சின் கெட்டியாக இருக்கும், கியர் பாக்ஸ் கெட்டியாக இருக்கும். லைட் மட்டும் இருக்காது. கேட்டால், "டைனமோ வண்டிண்ணே, லைட் நிக்காது" என்பார்கள். அப்பா சொன்னது, டிரைவர் சொன்னது, சில சமயம் இன்னொரு வயரிங் கடைக்காரர் சொன்னது. இது தவறு. ஒழுங்காக வயரிங் செய்தால் டைனமோ வண்டியிலும் ராத்திரி முழுக்க விளக்கு நிற்கும்.

இந்த வண்டிகள் எப்படி வந்தன என்று தெரிந்தால், லைட் ஏன் தகராறு செய்கிறது என்பதும் விளங்கும். 1946இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் செய்யத் தொடங்கிய சாம்பல் நிற பெர்குசன் டிராக்டருக்கு லைட் செட் என்பது வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டும் சாமான். வயலுக்கென்று செய்த வண்டி அது. அந்த வழியில் வந்ததுதான் பெர்குசன் 35, அப்புறம் மேசி பெர்குசன் 35. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மேசி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து நம் ஊருக்கு அந்தக் குடும்பத்தைக் கொண்டு வந்தது. சிம்ப்சனின் மூன்று சிலிண்டர் எஞ்சின் போட்ட 1035ஐ இங்கே ஓட்டத் தெரியாத விவசாயி குறைவு. வயலில் பகலில் உழுவதற்குக் கணக்குப் பார்த்துப் போட்ட டைனமோவும் வயரிங்கும் இருந்த வண்டியை நாம் கரும்பு ஏற்றி ராத்திரியில் நெடுஞ்சாலைக்கு அனுப்புகிறோம். தப்பில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் அதற்குத் தக்கபடி வயரிங்கை மாற்றாமல் அனுப்புவது தப்பு.

கணக்கைப் பார்ப்போம். பழைய லூகாஸ் கம்பெனி மாதிரி டைனமோ முழு வேகத்தில் கொடுப்பது சுமார் 11 ஆம்பியர். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 110 வாட். 12 வோல்ட்டில் அது ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். டிராக்டரின் பின் விளக்கு இரண்டும் டிரெய்லரின் பின் விளக்கு இரண்டும் ஐந்து ஐந்து வாட் என்றால் இன்னும் 20 வாட். மீட்டர் பல்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட டைனமோ கொடுப்பது முழுவதும் போய்விடுகிறது. வண்டி ஓடும்போது வரவும் செலவும் சரிக்குச் சரி. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கும் கட்-அவுட் திறந்துகொள்ளும், அப்போது வரவு இல்லை, எல்லாம் பேட்டரியிலிருந்துதான். ஆகவே டைனமோ வண்டிக்கு லைட் நிற்காது என்பது இல்லை. அதன் வரவுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்குத் தெரியாமல் நடப்பதைச் சொல்கிறேன். வெளிச்சம் போதவில்லை என்று கடையில் போய் நூறு வாட் பல்பு வாங்கிப் போடுவார்கள். இரண்டு பல்புக்கு மட்டும் 16, 17 ஆம்பியர். டைனமோ எங்கே போகும்? இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் காட்டும் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கமே கிடக்கும், விடியற்காலையில் செல்ஃப் எடுக்காது, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வார்கள். மறுநாள் பல்பையே கழற்றி வைத்துவிடுவார்கள். "டைனமோ வண்டிக்கு லைட் நிக்காது" என்ற பேச்சு இப்படித்தான் ஊரில் நிலைத்தது.

உண்மையில் வெளிச்சம் குறைவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணம் இல்லை. பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும், பல்பின் முனையில் பத்துகூட வந்து சேராது. இழை பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும். இரண்டு வோல்ட் வழியில் தொலைந்தால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். பல்பை மாற்றி என்ன பயன்?

எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். லைட்டை எரிய விட்டே பார்க்க வேண்டும், அணைத்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும். போன சீசனுக்கு முன்பு ஒரு 1035 வந்தது. ஹெட்லைட் இரண்டும் கங்கு மாதிரி சிவப்பாகத்தான் எரிந்தன. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை ஹெட்லைட் டூமின் (விளக்குக் கிண்ணத்தின்) உடம்பிலும் வைத்தேன். ஒழுங்கான வண்டியில் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டே கால் வோல்ட் காட்டியது. அதாவது விளக்குக்குப் போன கரண்டு திரும்பி வர வழியில்லாமல் திணறுகிறது. டூமைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினால், அடியில் பழைய பெயின்ட், அதன் மேல் புதுப் பெயின்ட், நடுவில் துரு. பொங்கலுக்குப் பொங்கல் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது எர்த் இடத்துக்கும், அதாவது கரண்டு பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இடத்துக்கும், சேர்த்து அடித்துவிடுகிறார்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். அப்படியும் விடவில்லை. இரண்டு டூமிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்து எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டிலும், அங்கிருந்து பேட்டரி எர்த்திலும் சேர்த்தேன். மீட்டர் அரைக்கால் வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. அதே பல்புதான். வண்டிக்காரர் எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பல்பு மாற்றினேனா என்று கேட்டார்.

எர்த்துக்கு அடுத்தது சுவிட்ச். அந்தக் காலத்து இழுக்கும் சுவிட்ச் வழியாகவே ஹெட்லைட்டின் முழு கரண்டும் போய் வரும்படி வயரிங் இருக்கும். உள்ளே பித்தளைத் தகடு கறுத்துப்போய், தொட்டால் சுடும். அங்கே ஒரு வோல்ட் போகும். புது சுவிட்ச் வாங்கிப் போட்டால் இரண்டு வருடம் ஓடும். அதைவிட நல்லது ரிலே, அதாவது சொற்பக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். ரிலேவும் அதன் சாக்கெட்டும் இருநூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். அடியில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். 30க்கு ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் கரண்டு வர வேண்டும், 87இலிருந்து டூமுக்குப் போக வேண்டும். பழைய சுவிட்சின் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. இனி சுவிட்ச் வழியாகப் போவது ரிலேவை இழுக்கத் தேவையான சொற்பக் கரண்டுதான். ரிலேவுக்கு வரும் கரண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். பேட்டரிப் பக்கம் நேராக எடுத்தால், டைனமோவிலிருந்து விளக்குக்குப் போகும் கரண்டையும் பேட்டரிக்குப் போவதாக அம்மீட்டர் காட்டும். டிரைவர் சார்ஜ் ஏறுகிறது என்று நம்பி ஓட்டுவார், உண்மையில் ஏறாது. அம்மீட்டர் உள்ள பழைய வண்டியில் கட்-அவுட் பக்கத்திலிருந்து எடுப்பதே சரி. அப்போதுதான் முள் உண்மை பேசும்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், செம்பு வயராகப் பார்த்துப் போடுங்கள். இப்போது கடைகளில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரை செம்பு விலைக்கே கொடுக்கிறார்கள். எனக்கே ஒரு கடையில் சுருள் சுருளாகக் கொடுத்தார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள். செம்பு அளவுக்குக் கரண்டைக் கடத்தாது, டிராக்டரின் அதிர்வில் சீக்கிரம் முறிந்தும் போகும். நுனியை முறுக்கி டேப் சுற்றுவதும் டிராக்டருக்கு ஆகாது. டீசல் பட்டால் அந்த டேப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். லக் (வயர் நுனிக்கான உலோக முனை) வைத்து நசுக்கி, மேலே ஸ்லீவ் போட வேண்டும். தகட்டில் துளையிட்டு வயரை விடும் இடத்தில் ரப்பர் புஷ் இல்லாவிட்டால், தகட்டின் விளிம்பே வயரை அறுத்துவிடும். சைலன்சர் பக்கம் போகவே கூடாது. அறுவடை முடிந்து கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடிக்கும், அதற்கு பிளாஸ்டிக் குழாயில் வயரை நுழைத்து விடுவதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் ஹெட்லைட் லைனில் ஃபியூஸே கிடையாது. இருக்கும் வண்டிகளில் சிகரெட் பெட்டியின் ஜிகினாக் காகிதம் இருக்கும், அல்லது ஒரு செப்பு இழை. வயர் எங்கோ உரசினால் அந்த இழை அறுகாது, வயரிங் முழுவதும் எரியும். பக்கத்தில் டீசல் டேங்க், பின்னால் காய்ந்த கரும்புச் சோகை. தயவுசெய்து 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், மாற்று ஃபியூஸ் இரண்டைக் கருவிப் பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்று. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பிளஸ்ஸைத்தான் எர்த் செய்திருப்பார்கள். சாதா பல்புக்கு இதில் எந்த வித்தியாசமும் இல்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும். ஆனால் எல்இடி விளக்கு எரியாது, டைனமோவுக்குப் பதிலாகப் போடும் ஆல்டர்னேட்டரை யோசிக்காமல் மாட்டினால் அதன் டயோடு அந்த நிமிடமே போய்விடும். பானெட்டைத் திறந்ததும் எந்தக் கம்பம் பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இவ்வளவும் முன் விளக்கு. சாவு நடப்பது பெரும்பாலும் பின்னால். நம் டிராக்டர் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் போகிறது. நான்கு வழிச்சாலையில் கார் எண்பதில் வந்தால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் தாண்டும். கரும்பு டிரெய்லரின் பின்புறத்தில் என்ன தெரியும்? சோகை தெரியும், அது இருட்டின் நிறத்திலேயே இருக்கும். டிரெய்லரின் சட்டத்தில் விளக்கு இருந்தாலும் கரும்பு பின்னால் இரண்டு மூன்று அடி நீட்டிக்கொண்டு அதை மூடிவிடும். இதற்கு என் கடையில் ஒரு வேலை செய்கிறோம். இரண்டு பின் விளக்கையும் ஒரு மரச்சட்டத்தில் பூட்டி, நீளமான வயரோடு வைத்துவிடுகிறோம். பாரம் ஏற்றி முடித்ததும் அந்தச் சட்டத்தைக் கரும்பின் கடைசி நுனியில் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டியது. கூடவே சிவப்பு ரிஃப்ளெக்டரும் அதிலேயே இருக்கும். இறக்கும் இடத்தில் அவிழ்த்து டூல் பாக்ஸ் பக்கம் மாட்டிவிடலாம்.

டிரெய்லர் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது, இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது என்று பலர் வருகிறார்கள். காரணம் ஒன்றேதான். டிரெய்லருக்கு எர்த் வயர் இழுக்காமல், கொக்கியில் மாட்டும் இரும்பு பின் (முளை) வழியாகவே எர்த் வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பின்னில் கிரீஸ், மண், துரு. வண்டி இழுக்கும்போது பட்டும் படாமலும் இருக்கும். எர்த் கிடைக்காத கரண்டு அடுத்த பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும், அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கும் துடிக்கிறது. ஏழு முனை உள்ள ஏழு பின் சாக்கெட் போடுங்கள். அதில் மூன்றாம் எண் எர்த்துக்கென்றே உள்ளது, வெள்ளை வயர். அதை டிரெய்லர் சட்டத்தில் ஒரு போல்ட்டிலும் டிராக்டர் பாடியில் ஒரு போல்ட்டிலும் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ராத்திரி பூராவும் சாலையோரம் வரிசை நீளும். எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். பேட்டரி இறங்கிவிடும் என்ற பயத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். டிரைவர் கீழே சாக்கு விரித்துப் படுத்திருப்பார். இந்தப் பயம் ஹெட்லைட்டுக்குச் சரி. பின் விளக்குக்குச் சரியில்லை. ஐந்து வாட் பல்பு நான்கு எரிந்தால் 20 வாட், இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. பத்து மணி நேரம் எரிந்தாலும் போவது 17 ஆம்பியர் மணிதான். டிராக்டரில் இருப்பது 88 ஆம்பியர் மணி பேட்டரி. நல்ல பேட்டரி என்றால் காலையில் செல்ஃப் தாராளமாக எடுக்கும். பின் விளக்கை எல்இடியாக மாற்றிவிட்டால் செலவு அதிலும் ஒரு சிறு பங்காகிவிடும். இழுக்கும் சுவிட்சில் முதல் இழுப்புக்குப் பார்க்கிங்கும் பின் விளக்கும் மட்டும், இரண்டாம் இழுப்புக்கு ஹெட்லைட் என்று அந்தக் காலத்திலேயே வைத்திருந்தார்கள். பல வண்டிகளில் அந்த முதல் இழுப்பின் வயரை யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள். அதைத் திரும்பக் கொடுப்பது அரை மணி நேர வேலை.

எல்இடி பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் சிவப்பு எல்இடி, மனதார வரவேற்கிறேன். முன்னால் பம்பரில், ரேடியேட்டர் மேல் நீளமாக எல்இடி பார் மாட்டுவது வேறு. கரண்டு குறைவாகத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அதற்கு டிம் கிடையாது, நாலா பக்கமும் இறைக்கும். எதிரே மொபெட்டில் வருபவருக்கு அப்புறம் சில விநாடிகளுக்கு சாலையே தெரியாது. பழைய டூமுக்குள் ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி பல்பைச் செருகுவதும் இப்படித்தான். அந்தக் கண்ணாடியும் குழியும் இழை இருந்த இடத்துக்குக் கணக்காகச் செய்தவை, ஒளி வரும் இடம் மாறினால் வெளிச்சம் சாலையில் விழாது, எதிரே வருபவரின் கண்ணில் விழும். இன்னொரு கெட்ட பழக்கம், உழவுக்கென்று பின்பக்கம் மாட்டியிருக்கும் வெள்ளை விளக்கை சாலையிலும் எரிய விடுவது. பின்னால் வருபவர் எதிரே ஒரு வண்டி வருகிறது என்று நினைத்து ஒதுங்குவார், ஒதுங்கும் பக்கம் பள்ளமா ஆளா என்று யாருக்குத் தெரியும். அந்த விளக்குக்குத் தனி சுவிட்ச் கொடுத்து, அது எரிவதைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு பல்பும் வைத்துவிட்டால் டிரைவருக்கு மறக்காது.

ஹெட்லைட்டின் திசையையும் பார்த்துவிட வேண்டும். சமதளத்தில் ஒரு சுவருக்கு நேராக வண்டியை ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி, டூமின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் அளவுக்குக் கீழே நிற்கட்டும். டிராக்டரின் வேகத்துக்கு அந்த வெளிச்சம் எட்டும் தூரம் போதும்.

சிலருக்கு வேறு ஒரு தயக்கம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். அப்பா வாங்கிய வண்டி, அப்படியே இருக்கட்டும், கண்டதையும் மாட்டி அலங்கோலம் செய்யாதீர்கள் என்பார்கள். எங்கள் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் அப்படித்தான் தன் 1035ஐக் கொண்டு வந்து நிறுத்தினார். கண்ணாடி டூம், பித்தளை வளையம், பழைய சுவிட்சின் குமிழ் எல்லாம் தகப்பனார் காலத்தவை. அவற்றில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. ரிலே இரண்டையும் ஃபியூஸ் பெட்டியையும் டாஷ்போர்டு தகட்டின் உட்பக்கம் பூட்டினேன், வெளியே தெரியாது. வயரிலும் பழைய லூகாஸ் நிறங்களையே வைத்தேன்: பேட்டரியிலிருந்து வரும் உயிர் வயர் பழுப்பு, பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, பின் விளக்குக்கு சிவப்பு, எர்த் கறுப்பு. நிறம் காப்பது வெறும் அழகுக்காக இல்லை. நாளைக்கு நான் இல்லாத இடத்தில் விளக்கு அணைந்தால், வேறு ஒரு மேஸ்திரி பானெட்டைத் திறந்த உடனே எது எங்கே போகிறது என்று படித்துக்கொள்வார். எல்லாவற்றையும் கையில் கிடைத்த சிவப்பு வயரிலேயே இழுத்து வைக்கும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மொத்தச் செலவு? ரிலே, ஃபியூஸ், வயர், லக், ஏழு பின் சாக்கெட், பின் விளக்குச் சட்டம், கூலி எல்லாம் சேர்த்து ஒரு டன் கரும்பின் விலையை ஒட்டி வரும். டூம் உடைந்திருந்தால் கொஞ்சம் கூடும். டயருக்கும் டீசலுக்கும் செலவழிப்பவர்களுக்கு இது பெரிய தொகை இல்லை. சாலைக்கு வரும் எந்த மோட்டார் வாகனமும் பொழுது சாய்ந்தால் முன்னும் பின்னும் விளக்கோடு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன, டிராக்டருக்கு அதில் விலக்கு இல்லை. ஆனால் அபராதத்துக்குப் பயந்து செய்யும் வேலை அடுத்த செக்போஸ்ட் வரைக்கும்தான் நிற்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். பல்பு மட்டும் மாட்டி, வயர் கொடுக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களே, ஆலையின் கட்டிங் ஆர்டர் (வெட்டு உத்தரவு) கையில் வந்த பிறகு வராதீர்கள். அப்போது எங்களுக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் பொறுமை இருக்காது. ஐப்பசியிலேயே ஒரு நாள் வண்டியை விடுங்கள். சர்க்கரை ஆலைகளின் கரும்புப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள்: அரவை தொடங்கும் முன் யார்டில் ஒரு நாள் வயரிங் முகாம் போடுங்கள். சுற்றுப்புறக் கடைக்காரர்கள் நாங்கள் கூலி வாங்காமல் வந்து செய்கிறோம், சாமானுக்கு மட்டும் வழி செய்யுங்கள். விவசாயியின் கணக்கில் பிடித்துக்கொண்டாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். வரிசை நிற்கும் சாலையில் ஒரு காவலாளி ராத்திரி ஒரு முறை நடந்து வந்து, விளக்கு அணைந்த வண்டியின் டிரைவரை எழுப்பிச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டு. இந்தச் செய்திகளை எழுதும் நிருபர்கள், டிரெய்லரின் பின் விளக்கு எரிந்ததா, ரிஃப்ளெக்டர் இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை ஒரு வரியாவது போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தன் வண்டியைப் போய்ப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, டைனமோ டிராக்டருக்கான வயரிங் படத்தை இந்தக் கடிதத்தோடு வரைந்து அனுப்பியிருக்கிறேன். ரிலே எண், வயர் நிறம், ஃபியூஸ் அளவு, ஏழு பின் சாக்கெட்டின் வரிசை எல்லாம் தமிழிலேயே குறித்திருக்கிறேன். உங்கள் வேளாண் பக்கத்தில் கொஞ்சம் பெரியதாகப் போட்டால், கிராமத்துக் கடைக்காரர்கள் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். இடம் போதாவிட்டால் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், படத்தைச் சுருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர்,
திருக்கோவிலூர் வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.